காப்பீட்டுத் தரகர் யாருடைய ஆள்?

மேல்மாடியில் குழாய் வெடித்து, இரவில் தண்ணீர் இறங்கிய ஓர் அச்சகத்துக்கு மறுநாள் காலையில் போயிருந்தேன். அப்போது நான் ஒரு காப்பீட்டுத் தரகு அலுவலகத்தில் கிளெய்ம் பிரிவில், அதாவது இழப்பீட்டுக் கோரிக்கைகளைக் கவனிக்கும் பிரிவில் இருந்தேன். உரிமையாளர் கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டுக்கொண்டு, ஊறி உப்பிய காகிதக் கட்டுகளுக்கு நடுவே நின்றிருந்தார். நான் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் கேட்டார்:

"தம்பி, முதல்ல ஒண்ணு சொல்லுங்க. நீங்க கம்பெனி ஆளா, நம்ம ஆளா?"

"உங்க ஆளுதான் அண்ணே" என்றேன். அவர் முகத்தில் நம்பிக்கை வரவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. மூன்று வருடங்களாக எங்கள் வழியாகத்தான் பாலிசி எடுத்துவந்தார். ஆனாலும் தரகர் என்பவர் யார், எதற்கு இருக்கிறார் என்று ஒருவரும் அவரை உட்காரவைத்துச் சொன்னதில்லை. அன்று அவரிடம் சொல்ல நேரம் வாய்க்காததை இங்கே சொல்ல முயல்கிறேன்.

ஏஜென்ட் வேறு, தரகர் வேறு

காப்பீடு விற்க வருகிற எல்லோரையும் ஏஜென்ட் என்று அழைத்தே பழகிவிட்டோம். சட்டத்தில் இவர்கள் இரு வேறு ஆட்கள். ஏஜென்ட் என்பவர் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் பிரதிநிதி. சில நாடுகளில் இரண்டு மூன்று நிறுவனங்களுக்குப் பிரதிநிதியாக இருக்கலாம். அவர் கையில் இருப்பது அவர்களுடைய சரக்கு மட்டும்தான். அதைவிட உங்களுக்குப் பொருத்தமான பாலிசி வேறு நிறுவனத்தில் இருந்தாலும் அவரால் எடுத்துத் தர முடியாது. தரகர், அதாவது புரோக்கர், உங்கள் சார்பில் சந்தைக்குப் போகிறவர். உங்கள் தேவையைக் கேட்டு, பல நிறுவனங்களிடம் விலையும் நிபந்தனையும் வாங்கி, எது உங்களுக்குச் சரிவரும் என்று சொல்வது அவர் வேலை. அதைக் கவனமின்றிச் செய்து உங்களுக்கு நஷ்டம் வந்தால், அவரே அதற்குப் பொறுப்பாக வேண்டியிருக்கும்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு நுட்பம் உண்டு. ஏஜென்டிடம் நீங்கள் சொன்ன ஒரு விவரத்தை, நிறுவனத்திடமே சொன்னதாக எடுத்துக்கொள்வது பொதுவான விதி. அவர் நிறுவனத்தின் ஆள் அல்லவா! தரகரிடம் சொன்னதற்கு அந்தப் பாதுகாப்பு பொதுவாகக் கிடையாது. அவர் உங்கள் ஆள் என்பதால், அவர் அதை நிறுவனத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் கணக்கு. "நான் புரோக்கர்கிட்ட சொன்னேனே" என்று கிளெய்ம் நேரத்தில் சொல்வது பெரும்பாலும் உதவாது. ஆகவே உங்களைப் பற்றி நிறுவனத்துக்கு அனுப்பிய தாள்களின் நகலைத் தரகரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள்.

இணையத்தில் விலையை ஒப்பிட்டுக் காட்டும் தளங்களில் பல, தரகர் அல்லது இடைநிலையாளர் உரிமம் பெற்றவைதான். அங்கே கேள்விகளுக்குப் பதில் தட்டச்சு செய்வது நீங்களே என்பதால், தவறான பதிலின் பொறுப்பும் உங்கள் தலையில்தான் விழும். வங்கியில் கடனோடு சேர்த்துத் தருகிற பாலிசியில், விற்கிற அலுவலர் யாருக்காக வேலை செய்கிறார் என்று வாய்விட்டுக் கேட்டுவிடுவது நல்லது.

இந்தத் தொழில் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் தரகரின் இடம் இன்னும் தெளிவாகும். 1680-களின் இறுதியில் லண்டனில் எட்வர்ட் லாய்ட் என்பவர் ஒரு காப்பிக் கடை நடத்தினார். கப்பல் முதலாளிகள், மாலுமிகள், வணிகர்கள் கூடுகிற இடம் அது. கப்பலுக்குக் காப்பீடு வேண்டுபவருக்காகத் தரகர் ஒரு தாளில் கப்பலின் பெயர், சரக்கு, பயணம் எல்லாம் எழுதி, மேசை மேசையாகக் கொண்டுபோவார். அந்த ஆபத்தில் பங்கேற்க விரும்பிய பணக்காரர்கள், தாங்கள் ஏற்கும் பங்கைக் குறித்து, அந்த விவரத்துக்குக் கீழே கையெழுத்துப் போடுவார்கள். ஆங்கிலத்தில் அண்டர்ரைட்டர் என்ற சொல்லே 'கீழே எழுதுபவர்' என்பதிலிருந்து வந்ததுதான். அந்தக் காப்பிக் கடைதான் இன்றைய லாய்ட்ஸ் ஆஃப் லண்டன் சந்தை. தாளுக்குப் பதில் கணினித்திரை வந்திருக்கிறது. தரகர் செய்வது அன்று செய்த அதே வேலைதான்: உங்கள் ஆபத்தை ஒரு தாளில் எழுதி, முன்பின் தெரியாத ஒருவர் நம்பிக் கையெழுத்துப் போடும்படி விளக்குவது.

எல்லோருக்கும் தரகர் வேண்டுமா?

வேண்டாம். சட்டப்படி கட்டாயமான வாகனக் காப்பீடு, சில நாள் பயணத்துக்கான காப்பீடு போன்றவற்றை நிறுவனத்திடம் நேரடியாகவே எடுத்துக்கொள்ளலாம். அவற்றில் நிபந்தனைகள் அதிகம் வேறுபடுவதில்லை, கேட்கும் கேள்விகளும் எளியவை. தரகர் தேவைப்படுவது, உங்கள் நிலைமை படிவத்தில் உள்ள கட்டங்களுக்குள் அடங்காதபோது. கடை, பட்டறை, கிடங்கு, மருத்துவமனை, கட்டுமானம், ஏற்றுமதி போன்ற தொழில்கள்; ஊழியர்களுக்கான குழுக் காப்பீடு; மருத்துவர், கணக்காளர், பொறியாளர் போன்றோர் தங்கள் வேலையில் நேர்ந்த தவறுக்கு ஈடு தரவேண்டி வந்தால் உதவும் தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு; முன்பே நோய் இருக்கிற ஒருவருக்கான ஆயுள் அல்லது மருத்துவக் காப்பீடு; ஒருமுறை கிளெய்ம் மறுக்கப்பட்டவர், பாலிசி ரத்தானவர். இவர்களுக்கெல்லாம் தரகர் ஆடம்பரம் அல்ல என்பது என் உறுதியான எண்ணம். கடைசியில் சொன்னவர்களுக்கு இன்னும் அதிகம். எந்த நிறுவனம் எந்த ஆபத்தை ஏற்கும், எது பார்த்ததுமே திருப்பி அனுப்பும் என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. தினமும் அவர்களோடு பேசுகிறவருக்குத் தெரியும்.

தேடுவது

முதலில் உரிமம். காப்பீட்டுத் தரகர்கள் அரசு அமைப்பிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தப் பதிவை அமைப்பின் வலைத்தளத்தில் எவரும் பார்க்கலாம். இந்தியாவில் ஐஆர்டிஏஐ என்கிற காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், இலங்கையில் காப்புறுதியை ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, சிங்கப்பூரில் நாணய ஆணையம், மலேசியாவில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, பிரிட்டனில் எஃப்சிஏ என்கிற நிதி நடத்தை ஆணையம். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனிக் காப்பீட்டுத் துறை இருக்கிறது. முகவரி அட்டையில் அச்சிட்ட பதிவு எண்ணை அப்படியே நம்பிவிடாமல், நீங்களே தேடிப் பாருங்கள். பெயர் ஒத்துப்போகிறதா, உரிமம் நடப்பில் இருக்கிறதா, எந்த வகைக் காப்பீட்டுக்கான உரிமம் என்று மூன்றும் தெரிந்துவிடும். இரண்டு நிமிட வேலை.

அடுத்து, உங்கள் தொழிலிலேயே இருப்பவர்களிடம் விசாரியுங்கள். "உங்க புரோக்கர் எப்படி?" என்று பொதுவாகக் கேட்டால் "நல்ல மனுஷன்" என்றுதான் பதில் வரும். "கிளெய்ம் போட்டிருக்கீங்களா? அப்ப அவர் என்ன செஞ்சார்?" என்று கேளுங்கள். பாலிசி விற்கிற நாளில் எல்லாத் தரகரும் நல்லவர்கள்தான். கிளெய்ம் நாளில் யார் போனை எடுத்தார், யார் நேரில் வந்து நின்றார் என்பதுதான் உங்களுக்குத் தேவையான சேதி. கிளெய்மே போடாதவரின் பரிந்துரைக்கு நான் அதிக எடை கொடுப்பதில்லை.

இரண்டு மூன்று பேரை நேரில் சந்தித்துப் பேசுங்கள். அந்தச் சந்திப்பில் நான் கவனிப்பது ஒன்றைத்தான்: யார் அதிகம் கேள்வி கேட்கிறார்? வந்து உட்கார்ந்ததும் "இப்ப எவ்வளவு பிரீமியம் கட்டுறீங்க? நான் குறைச்சுத் தர்றேன்" என்று தொடங்குபவரிடம் எனக்குத் தயக்கம் வரும். உங்களுக்கு என்ன ஆபத்து இருக்கிறது என்றே தெரியாமல் விலையை எப்படிக் குறைக்க முடியும்? காப்பைக் குறைத்துத்தான். என்னோடு வேலை பார்த்த ஒரு மூத்த அம்மா, கிடங்கு வைத்திருப்பவர்களிடம் கேட்கிற முதல் கேள்வியே வேறு மாதிரி இருக்கும். "சார், சரக்கைத் தரையில வெச்சிருக்கீங்களா, பலகை மேலயா? கூரைக்கும் அடுக்குக்கும் எவ்வளவு இடைவெளி? ராத்திரி யார் பூட்டுறாங்க? பக்கத்துக் கட்டடத்துல என்ன வேலை நடக்குது?" என்று போய்க்கொண்டே இருக்கும். பிரீமியத்தைப் பற்றி ஒரு மணி நேரம் கழித்துத்தான் பேச்சு வரும். அவர் எழுதி அனுப்பிய குறிப்பைப் படித்த அண்டர்ரைட்டர், அதாவது ஆபத்தை ஏற்பதா, என்ன விலைக்கு என்று நிறுவனத்தில் முடிவு செய்பவர், அந்தக் கிடங்குக்குள் போய் வந்ததுபோல் உணர்வார்.

நீங்களும் கேளுங்கள். என் கோப்பைத் தினமும் பார்க்கப்போவது நீங்களா, வேறொருவரா? கிளெய்ம் வந்தால் அதற்கென ஆள் இருக்கிறாரா? எந்தெந்த நிறுவனங்களோடு வேலை செய்கிறீர்கள்? உங்களிடமே தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா? தரகரின் தவறால் உங்களுக்கு நஷ்டம் வந்தால் ஈடு தருவதற்கான காப்பீடு அது. பல நாடுகளில் தரகருக்கு அது கட்டாயம். நல்ல தரகர் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கமாட்டார்.

அவருக்குச் சம்பளம் யார் தருகிறார்?

அச்சக அண்ணனின் சந்தேகத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. தரகர் உங்கள் ஆள். ஆனால் பெரும்பாலான நேரம் அவருக்குப் பணம் கொடுப்பது நிறுவனம். நீங்கள் கட்டும் பிரீமியத்தில் ஒரு சதவீதம் கமிஷனாக அவருக்குப் போகும். பிரீமியம் ஏறினால் அவர் வருமானமும் ஏறும். ஒரு நிறுவனம் மற்றதைவிடக் கூடுதல் கமிஷன் தந்தால், அங்கே சாய மனம் இழுக்கும். இதற்கு மேல், ஒரு வருடத்தில் இவ்வளவு வியாபாரம் கொண்டுவந்தால் தனியாக இவ்வளவு என்று நிறுவனங்கள் தரும் ஊக்கத்தொகையும் உண்டு. அது உங்கள் பாலிசியில் எங்கும் தெரியாது.

இது வெறும் பயம் என்று தள்ளிவிட முடியாது. 2004 அக்டோபரில் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் எலியட் ஸ்பிட்சர், உலகின் மிகப் பெரிய தரகு நிறுவனமான மார்ஷ் மீது வழக்குத் தொடுத்தார். வியாபாரத்தைத் தாங்கள் விரும்பிய காப்பீட்டு நிறுவனத்துக்குத் திருப்புவதற்காக, மற்ற நிறுவனங்களிடம் வேண்டுமென்றே உயர்த்திய போலி விலைகளை வாங்கி வாடிக்கையாளரிடம் காட்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. 2005 ஜனவரியில், வாடிக்கையாளர்களுக்கு ஈடாக 85 கோடி டாலர் தர அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டு வழக்கு முடிந்தது. நெதர்லாந்து இன்னும் ஒரு படி போனது. ஆயுள் காப்பீடு போன்ற சிக்கலான திட்டங்களுக்கு, நிறுவனங்கள் ஆலோசகர்களுக்குக் கமிஷன் தருவதையே 2013 முதல் தடை செய்துவிட்டது. அங்கே வாடிக்கையாளரே ஆலோசகருக்கு நேரடியாகக் கட்டணம் தரவேண்டும்.

கமிஷன் வாங்குகிற தரகர் எல்லோரும் உங்களை ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவரவில்லை. கமிஷன் வாங்கிக்கொண்டே, நிறுவனத்தோடு மல்லுக்கட்டி வாடிக்கையாளருக்குப் பணம் வாங்கித் தந்தவர்களோடு வருடக்கணக்கில் வேலை செய்திருக்கிறேன். கேட்டுவிடுங்கள், அவ்வளவுதான். "இந்தப் பாலிசியில் உங்களுக்கு எவ்வளவு வருகிறது? நீங்கள் காட்டிய மற்ற இரண்டில் எவ்வளவு வந்திருக்கும்? வேறு ஊக்கத்தொகை உண்டா?" பெரிய தொழில் என்றால், கமிஷனுக்குப் பதிலாக நிலையான கட்டணம் பேசிக்கொள்ளவும் வழியிருக்கிறது. யாரிடமெல்லாம் விலை கேட்டார், யார் என்ன சொன்னார், யார் மறுத்தார் என்ற விவரத்தையும் எழுத்தில் வாங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. விலை குறையுமே என்று நான்கு தரகர்களை ஒரே நேரத்தில் சந்தைக்கு அனுப்பாதீர்கள். நான்கு பேரும் போய் நிற்பது அதே ஆறேழு நிறுவனங்களின் வாசலில்தான். ஒரே ஆபத்து நான்கு விதமான விவரங்களோடு வந்தால், அண்டர்ரைட்டருக்கு அதில் எதுவும் நம்பத் தோன்றாது. முதலில் வந்தவருக்கு மட்டும் விலை சொல்லி மற்றவர்களைத் திருப்பிவிடுவதும் உண்டு. ஆளைத் தேர்ந்தெடுப்பதில் போட்டி வையுங்கள். தேர்ந்தெடுத்த பிறகு ஒருவருக்கே நியமனக் கடிதம் கொடுத்து, உங்கள் சார்பில் பேச அவருக்கு மட்டும் அதிகாரம் தாருங்கள். இரண்டு பேரை வைத்தே ஆகவேண்டும் என்றால், இன்ன நிறுவனம் இவருக்கு, இன்னது அவருக்கு என்று முன்பே பிரித்துக் கொடுத்துவிடுங்கள்.

அவரிடம் எல்லாவற்றையும் சொல்வது

1766-இல் லண்டனில் ஒரு வழக்கு நடந்தது. சுமத்ரா தீவில் ஆங்கிலேயர் வசமிருந்த மார்ல்பரோ கோட்டையின் ஆளுநர் ஜார்ஜ் கார்ட்டர், கோட்டை அந்நிய எதிரியிடம் விழுந்தால் ஈடு கிடைக்கும்படி காப்பீடு எடுத்திருந்தார். பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். காப்பீடு தந்த சார்ல்ஸ் போம், கோட்டையின் பலவீனத்தைக் கார்ட்டர் மறைத்துவிட்டார் என்று பணம் தர மறுத்தார். வழக்கைக் கேட்ட மான்ஸ்ஃபீல்ட் பிரபு சொன்னதுதான் பிறகு உலகம் முழுக்கக் காப்பீட்டுச் சட்டத்தின் அடித்தளம் ஆனது. ஆபத்து பற்றிய உண்மைகள் பெரும்பாலும் காப்பீடு எடுப்பவருக்கு மட்டுமே தெரியும், ஆகவே அவர் அவற்றை மறைக்கக் கூடாது. தீர்ப்பு என்னவோ கார்ட்டருக்குச் சாதகமாகத்தான் வந்தது. காப்பீடு தந்தவருக்குத் தெரிந்திருக்கக்கூடியதை, அவர் கேட்டிருக்கக்கூடியதைக் கேட்காமல் இருந்துவிட்டுப் பின்னால் குறை சொல்ல முடியாது என்றார் நீதிபதி.

இன்று சில நாடுகளில் இந்தக் கடமை தளர்ந்திருக்கிறது. பிரிட்டனில் 2012-இல் வந்த சட்டப்படி, சொந்தத் தேவைக்குக் காப்பீடு எடுப்பவர் கேட்ட கேள்விக்குப் பொய் இல்லாமல் கவனமாகப் பதில் சொன்னால் போதும். தொழிலுக்கு எடுப்பவருக்குக் கடமை இன்னும் கூடுதல். எந்த நாடானாலும், பழைய கிளெய்ம்கள், மறுக்கப்பட்ட பாலிசிகள், நோய், கட்டடத்தின் குறை இவையெல்லாம் தரகர் காதுக்குப் போயாக வேண்டும். "இதைச் சொன்னா பிரீமியம் ஏறும், விட்டுடலாம் சார்" என்று ஒரு தரகர் சொன்னால், அந்த இடத்திலேயே அவரோடு கணக்கை முடித்துக்கொள்ளுங்கள். மிச்சமாகும் பிரீமியம் கொஞ்சம். கிளெய்ம் நாளில் போவது எல்லாமும். படிவத்தை அவரே நிரப்பித் தந்தாலும், கையெழுத்து உங்களுடையது. வெற்றுப் படிவத்தில் ஒருபோதும் கையெழுத்துப் போடாதீர்கள்.

பேசியதைப் பேச்சோடு விடாமல் அன்று மாலையே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். "இன்று நாம் பேசியபடி, மேல்மாடியில் குளியலறை இருப்பதைச் சொன்னேன், தண்ணீரால் வரும் சேதத்துக்கும் காப்பு வேண்டும் என்று கேட்டேன்." இரண்டு வரி போதும். தரகருக்கும் அது நல்லதுதான், அவர் மறக்கமாட்டார்.

விலைகள் மேசைக்கு வந்த பிறகு

மூன்று கொட்டேஷன் வந்தால் கண் நேராகப் பிரீமியத்துக்குத்தான் போகும். அதைக் கையால் மறைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள் என்று அந்த மூத்த அம்மா சொல்வார். எது காப்பில் இல்லை, ஒவ்வொரு இழப்பிலும் முதலில் நாம் ஏற்கவேண்டிய தொகை எவ்வளவு, மொத்தத் தொகைக்குள் ஒளிந்திருக்கும் சிறு வரம்புகள் எவை, நாம் கடைப்பிடிக்க வேண்டிய நிபந்தனைகள் எவை. தரகர் இவற்றை ஒரே தாளில் பக்கத்துப் பக்கமாக எழுதித் தரவேண்டும். கேட்டால் தருவார்கள்.

இங்கே அதிகம் பேர் சறுக்குகிற இடம் காப்பீட்டுத் தொகை. உங்கள் சரக்கின் உண்மையான மதிப்பு 10 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பிரீமியம் குறையட்டும் என்று 6 லட்சத்துக்குத்தான் காப்பீடு எடுத்திருக்கிறீர்கள். தீயில் 2 லட்சம் சரக்கு போய்விட்டது. 6 லட்சம் வரை காப்பு இருக்கிறதே, 2 லட்சமும் வந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். சொத்துக் காப்பீடுகளில் பரவலாக இருக்கும் சராசரி விதி என்ன சொல்கிறது தெரியுமா? 10-இல் 6 பங்குக்கு மட்டுமே காப்பு எடுத்திருக்கிறீர்கள், மீதி 4 பங்குக்கு நீங்களே காப்பீட்டாளர். ஆகவே எந்த இழப்பிலும் 10-இல் 6 பங்குதான் கிடைக்கும். 2 லட்சத்துக்கு 1.2 லட்சம். அதிலும் முதலில் நீங்கள் ஏற்கவேண்டிய தொகையைக் கழித்துக்கொள்வார்கள். வருடாவருடம் சரக்கின் மதிப்பும் இயந்திரத்தின் மதிப்பும் ஏறிக்கொண்டே போகும்போது, பழைய தொகைக்கே புதுப்பித்துக்கொண்டு வருபவர்கள் தெரியாமலே இந்தக் குழியில் விழுகிறார்கள். புதுப்பிக்கும்போது இந்தக் கணக்கைப் போட்டுக்காட்டாத தரகர் தன் வேலையைச் செய்யவில்லை என்பேன்.

பணம் கட்டும்போது, நிறுவனத்தின் பெயருக்கோ, தரகரின் வாடிக்கையாளர் பணத்துக்கான தனிக் கணக்குக்கோதான் போகவேண்டும். ஒருவரின் சொந்தக் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள். பாலிசி வந்ததும் பெயர், முகவரி, தொகை, தேதி நான்கையும் கொட்டேஷனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வருட நடுவில் இடம் மாறினாலோ, புது இயந்திரம் வாங்கினாலோ, கட்டடம் சில வாரங்கள் காலியாகக் கிடந்தாலோ தரகருக்குச் சொல்லிவிடுங்கள்.

அந்த அச்சகத்தில் நடந்தது

அந்தப் பாலிசியில் ஒரு நிபந்தனை இருந்தது. சரக்கைத் தரையிலிருந்து சில அங்குலம் உயர்த்தித்தான் அடுக்க வேண்டும் என்பது அது. காகிதக் கட்டுகளில் பாதி மரப்பலகைகள் மேல் இருந்தன. மீதி, இடமில்லாமல் தரையிலேயே. நிறுவனம் அனுப்பிய சர்வேயர் அதைப் பார்த்ததும் குறித்துக்கொண்டார். சர்வேயர் இழப்பை அளப்பவர். அவரை அனுப்புவது பெரும்பாலும் நிறுவனம். நடுநிலையாக இருக்க வேண்டியவர்தான். என்றாலும் உங்கள் பக்கத்து நியாயத்தை அவர் முன்னால் எடுத்துவைக்க ஆள் வேண்டும். தரகர் பக்கத்தில் நிற்க வேண்டிய நேரம் அது.

முந்தைய இரவே போனில் அண்ணனிடம் சொல்லியிருந்தோம்: "எதையும் தூக்கிப் போடாதீங்க. மேல குழாயை மட்டும் அடைங்க. எல்லாத்தையும் போட்டோ எடுங்க, மேலேர்ந்து கீழ வரைக்கும்." அந்தப் படங்கள்தான் கைகொடுத்தன. தரையில் இருந்த அடுக்குகளிலும் உச்சியில் இருந்த கட்டுகள்தான் முதலில், அதிகமாக ஊறியிருந்தன. தண்ணீர் மேலிருந்து வந்திருக்கிறது, பலகை மேல் வைத்திருந்தாலும் இவை நனைந்துதான் இருக்கும், நிபந்தனை மீறலுக்கும் இந்தச் சேதத்துக்கும் தொடர்பில்லை என்று எழுதி வாதாடினோம். சர்வேயர் ஏற்றுக்கொண்டார், அடிவரிசையைத் தவிர. அது தரையில் தேங்கிய நீரில் கெட்டது. பலகை இருந்திருந்தால் தப்பியிருக்கும். அந்த வரிசைக்குப் பணம் வரவில்லை.

பணம் வந்த பிறகு அண்ணன் கேட்டார்: "பலகை போடணும்னு ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தா போட்டிருப்பேனே தம்பி?" எங்கள் கோப்பைப் புரட்டிப் பார்த்தோம். நிபந்தனைகளை அவருக்கு விளக்கியதற்கு ஒரு கடிதம்கூட இல்லை. பாலிசியை உறையில் போட்டு அனுப்பியதோடு சரி. தப்பு எங்களுடையது. அதை அவரிடம் மறைக்காமல் சொன்னோம், அடிவரிசைக் காகிதத்தின் விலையை எங்கள் அலுவலகமே கொடுத்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பாலிசியோடும், "நீங்கள் செய்ய வேண்டியவை" என்று ஒரு பக்கத் தாளைத் தமிழில் எழுதி இணைக்க ஆரம்பித்தோம். உங்கள் தரகரிடம் அப்படி ஒரு தாளைக் கேளுங்கள்.

கிளெய்ம் மறுக்கப்பட்டால், மறுப்பை எந்த விதியின்படி என்ற காரணத்தோடு எழுத்தில் வாங்கித் தரச் சொல்லுங்கள். நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கும், அதற்குப் பிறகு பல நாடுகளில் இருக்கிற காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடமும் போக உங்களுக்கு உரிமை உண்டு. அதற்குக் கெடு இருக்கும், தேதியைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தரகர் மீதே குறை என்றால், முதலில் அவர் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்துவிட்டு, பிறகு உரிமம் தந்த அமைப்பிடம் போகலாம்.

ஆளை மாற்றுவது

தரகர் சரியில்லை என்றால் பாலிசியை ரத்து செய்ய வேண்டியதில்லை. இன்ன தேதியிலிருந்து எங்கள் தரகர் இவர் என்று நிறுவனத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தால், பெரும்பாலும் பாலிசி அப்படியே இருக்கும், பார்த்துக்கொள்ளும் ஆள் மட்டும் மாறுவார். நடந்துகொண்டிருக்கும் கிளெய்ம் இருந்தால், அதை யார் முடித்துத் தருவார் என்பதை முன்பே பேசிவிடுங்கள். தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு வைத்திருப்பவர்கள் மட்டும் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பாலிசிகளில் பல, தவறு நடந்த நாளைப் பார்ப்பதில்லை. உங்கள் மீது கோரிக்கை வருகிற நாளில் பாலிசி நடப்பில் இருக்கிறதா என்று பார்க்கும். எந்தத் தேதிக்குப் பிந்தைய வேலைக்குக் காப்பு என்று ஒரு பின்தேதியும் அதில் இருக்கும். தரகரோடு சேர்த்து நிறுவனமும் மாறும்போது அந்தப் பின்தேதி பழையபடியே தொடர்கிறதா என்று எழுத்தில் உறுதி வாங்குங்கள். விட்டுப்போனால் பத்து வருட வேலை காப்பில்லாமல் நிற்கும்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. பாலிசி எண், நிறுவனத்தின் பெயர், தரகரின் பெயர், அவருடைய கிளெய்ம் பிரிவின் எண் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, வீட்டில் இன்னொருவருக்கும் கடையில் இன்னொருவருக்கும் அது இருக்கிற இடத்தைக் காட்டி வையுங்கள். தரகரையும் ஒருமுறை அவர்களுக்கு அறிமுகப்படுத்திவிடுங்கள். ஆயுள் காப்பீட்டில் அந்த எண்ணுக்குப் போன் செய்யப்போவது அவர்கள்தான்.